இருமாத கன்று

பர்னபாஸ் தெர்மல் கேமராவுடன் முதன்முதலில் மாட்டுக் கொட்டகைக்குள் நுழைந்த அன்று, ஸ்ரீரங்கப்பட்டணம் சாலையில் போன பஸ்கள்கூட வேகத்தைக் குறைத்து எட்டிப் பார்த்தனவாம். அவரே சொல்வது, சாட்சி கேட்டால் பஸ்ஸைக் கேட்கச் சொல்வார். மைசூர்த் தொழிற்சாலை ஒன்றில் காலமெல்லாம் மின் பராமரிப்பு பார்த்து ஓய்வு பெற்றவர். எந்த ஒயர் உள்ளுக்குள் சூடேறுகிறது என்று நிறத்தில் காட்டும் அந்தக் கருவி இல்லாமல் தூக்கம் வராததால், சொந்தமாகவே ஒன்று வாங்கிவிட்டார். இட்லிப் பானை, பூனை, போதகரின் வழுக்கை என்று எதுவும் தப்பவில்லை.

கொட்டகை பக்கத்து வீட்டு லீலாவுடையது. ஹனூர்க்காரி, கன்று வளர்ப்பதுதான் பிழைப்பு. போன பனிக்காலத்தில் நெஞ்சுச் சளிக்கு இரண்டு கன்றுகளைப் பறிகொடுத்தவள். இருமல் காதில் விழுவதற்குள் நோய் பாதி நுரையீரலைத் தின்றிருக்கும் என்று மாட்டு டாக்டர் அஷ்வினி அப்போது சொன்னது அவளை விடவேயில்லை. அதனால்தான், “இருமுறதுக்கு முந்தியே கண்ணோரத்துல சூடு ஏறிடுமாம் லீலாம்மா, படிச்சேன்” என்று பர்னபாஸ் சொன்னபோது அவரைத் துரத்தாமல் விட்டாள்.

இன்று ஹனூரிலிருந்து டெம்போவில் புதுக் கன்று ஒன்று வந்து இறங்கியது.

“ஏனுங்கண்ணா, இதைய மத்த அஞ்சோட உள்ற உடலாமுங்களா? சளி கிளி கொண்டாந்திருந்தா எல்லாத்துக்கும் ஒட்டிக்குமே!” என்றாள் லீலா.

பர்னபாஸ் கேமராவைத் திருப்பினார். திரை பற்றி எரிந்தது. “ஐயோ, காய்ச்சலா இது? இதும்மேல தோசையே சுடலாம்! அஷ்வினிக்குப் போன் போடு!”

அஷ்வினி ஸ்கூட்டரில் வந்து தெர்மாமீட்டர் வைத்தாள். காய்ச்சலே இல்லை.

“ஸ்வல்ப, கொஞ்சம் இருங்க அங்கிள். டெம்போல வெயில்ல வந்திருக்கு. தோல்ல கறுப்புத் திட்டு சூடு, வெள்ளைத் திட்டு ஜில்லுனு காட்டுது, பாருங்க.”

“கன்னுக்குக் காச்சலுங்களாண்ணா, நெறத்துக்குக் காச்சலுங்களா?” என்று லீலா சிரித்த சிரிப்பில் மைசூர் அரண்மனையின் விளக்குகள் ஒருமுறை அணைந்து எரிந்திருக்கும்.

பர்னபாஸ் அரை நிமிடம் வெட்கப்பட்டார். அதற்குமேல் அவருக்கு வராது. தொழிற்சாலையில் ஒற்றை ஒயரைப் பார்த்து அவர் எப்போதாவது தீர்ப்பு சொன்னதுண்டா? ஒரே பாரம் இழுக்கும் மூன்று ஒயர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது மட்டும் வேறாக இருக்கிறது என்றல்லவா பார்ப்பார்!

“ஆறையும் நிழல்ல கட்டு. புதுசு மட்டும் தள்ளி இருக்கட்டும். மேல் ஆறினப்புறம் பாப்போம்.”

அஷ்வினிக்கும் ஆவல் தொற்றிவிட்டது; நின்றுவிட்டாள். வெயிலின் சூடு இறங்கியதும் பர்னபாஸ் ஒவ்வொன்றின் முகத்துக்கு நேராகவும் குந்தினார். மூச்சை இழுத்தால் மூக்கு ஊதா, விட்டால் மஞ்சள். “மூச்சுக்குக் கலர் இருக்கு, பாத்தீங்களா!” என்று துள்ளினார். புதுக் கன்றின் கண்ணோரம் மற்றவை போலவே ஆரஞ்சு. அடுத்தது ஆரஞ்சு. அதற்கடுத்ததும் ஆரஞ்சு.

கெம்பி என்ற கன்றிடம் வந்ததும் நின்றார். லென்ஸைச் சட்டையில் துடைத்தார். மறுபடி பார்த்தார். கண்ணின் உள்மூலையில் ஒரு வெள்ளைப் பொட்டு; ஆரஞ்சையும் தாண்டிய சூட்டுக்குத்தான் திரையில் வெள்ளை. மூக்கில் ஊதாவும் மஞ்சளும் மாறி மாறி, மற்றவற்றைவிட அவசரமாக ஓடின.

“கெம்பியா? போங்கண்ணா!” லீலாவின் செல்லம் அது. “இப்பத்தான் பாலோட வாளியையும் சேத்து முழுங்கப் பாத்துச்சு!”

ஆனாலும் கேமராவைப் பிடுங்கி அவளே பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது.

அஷ்வினி தெர்மாமீட்டர் வைத்தாள். நெஞ்சில் குழாயை வைத்து நெடுநேரம் கேட்டாள். “இருமல் இல்ல, மூக்கு ஒழுகல. ஆனா சூடு ஏறியிருக்கு, நெஞ்சுல லேசா கரகரப்பு. தனியா கட்டுங்க ஆன்ட்டி. மருந்து இன்னைக்கே ஆரம்பிச்சிடலாம்.”

புதுக் கன்றுக்கென்று கூட்டி வைத்திருந்த தனி மூலையில் கெம்பியைக் கட்டினாள் லீலா. முடிச்சு இரண்டு முறை நழுவியது.

அதன்பிறகு தினமும் காலையில் பர்னபாஸ் நாற்காலியோடு வந்து அந்த மூலையில் உட்கார்ந்தார். காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார். கெம்பி பால் குடித்தது, அவர் சட்டை நுனியைச் சப்பியது, இருமவில்லை.

“என்னுங்கண்ணா, இருமவே மாட்டேங்குது?”

“ஒரே ஒரு இருமல் இருமினா இதுக்கு என்ன கொறைஞ்சிடும்? நான் சொன்னது சரின்னு எப்படித்தான் ஊருக்குக் காட்டுறது?”

“இரும வெச்சுப் புடாதீங்க சாமி!” என்று அவர் வாயைப் பொத்தாத குறையாகக் கத்தினாள் லீலா.

கடைசியில் அஷ்வினி நெஞ்சைக் கேட்டுவிட்டு, கரகரப்பு போய்விட்டது என்று தலையாட்டினாள். லீலா கயிற்றை அவிழ்த்ததுதான் தாமதம், கெம்பி பாய்ந்துபோய்ப் புதுக் கன்றைத் தள்ளிவிட்டு வாளிக்குள் தலையை விட்டது.

பர்னபாஸ் கேமராவை உயர்த்தினார். கண்ணோரம் ஆறிலும் ஒரே ஆரஞ்சு. எது கெம்பி என்று கண்டுபிடிக்க, திரையைத் தாழ்த்திவிட்டு வெறுங்கண்ணால் பார்க்க வேண்டியிருந்தது.