பொதுவாகக் குடிக்க உகந்தது

1

இந்தக் கதையில் அறுபத்தொரு சதவீதம் என்னுடையது அல்ல. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சேலத்திலிருந்து நாமக்கல் போகும் பேருந்தில், மல்லூர் தாண்டியதும் என் பக்கத்தில் இடம் கிடைத்து உட்கார்ந்த ஒரு பெண் சொன்னது. அவள் இறங்கிய பிறகு நான் கோத்த வாக்கியங்கள் மட்டுமே என் பங்கு. அதிலும் முதல் வாக்கியத்துக்கு நான்கு நாள் பிடித்தது.

கஞ்சமலை மேல் மேகம் கவிந்திருந்த ஒரு மாலையில், தேவிப்ரியாவின் கண்களில்

[வேண்டாம். நடந்தது காலை பதினொரு மணிக்கு. அங்கிருந்து கஞ்சமலையும் தெரியாது.]

நீர் என்பது வெறும் நீரல்ல, அது

[அது என்ன என்று எனக்கே தெரியவில்லை.]

நேராகவே தொடங்குகிறேன். தேவிப்ரியாவுக்கு இருபத்திரண்டு வயது. புதுச்சத்திரத்திலிருந்து நாலு கிலோமீட்டர் உள்ளே போனால் வரும் ஊஞ்சக்காடு அவள் ஊர்.* சேலத்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் நிலவியல் எம்.எஸ்ஸி., கடைசிப் பருவம். ஆய்வேட்டுக்காகத் தன் ஊரையும் சுற்றியுள்ள தோட்டங்களையும் கால்நடையாகவே சுற்றி, முப்பத்திரண்டு போர்வெல்களிலிருந்து தண்ணீர் பிடித்து, பாட்டிலில் எண் ஒட்டி, ஃப்ளூரைடு எவ்வளவு என்று ஆய்வகத்தில் தானே அளந்தாள். இரண்டு முறை நாய் துரத்தியது. ஒரு எண்ணைக்கூட அவள் யாரிடமிருந்தும் எடுக்கவில்லை.

ஆங்கிலத்தை மட்டும் எடுத்தாள்.

* பெயரை மாற்றியிருக்கிறேன். பேருந்து நடத்துநரிடம் கேட்டு அவரைத் திண்டாட வைக்காதீர்கள்.

2

பல்கலைக்கழகங்களில் இப்போது ஒரு மென்பொருள் உண்டு. ஆய்வேட்டை அதில் போட்டால், எந்த வரி எங்கிருந்து வந்தது என்று சிவப்பில் காட்டிக்கொடுத்துவிடும். தேவிப்ரியாவின் நாற்பது பக்கங்கள் குங்குமம் கொட்டியதுபோல் திரும்பி வந்தன. அறுபத்தொரு சதவீதம்.

"பத்துக்குக் கீழ கொண்டு வாம்மா. வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள்ள," என்றார் வழிகாட்டிப் பேராசிரியர் சுவாமிநாதன். அன்று திங்கள்.

"எப்படிங்க சார்?"

"வார்த்தைய மாத்து. அர்த்தத்த மாத்தாத."

நல்ல யோசனைதான், அர்த்தம் தெரிந்திருந்தால்.

உடன் படிக்கும் கோகுல்ராஜ் குறுக்கு வழி ஒன்று வைத்திருந்தான். ஒரு வலைத்தளத்தில் பத்தியை ஒட்டினால், எல்லாச் சொற்களையும் அதுவே வேறு சொற்களாக்கித் தரும். தந்தது. ஆங்கிலத்தில் அது செய்த காரியத்தைத் தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்: நிலத்தடி நீர், 'தரைக்கு அடியிலுள்ள சாறு' ஆனது. கடினப்பாறை, 'சிரமமான கல்' ஆனது. போர்வெல், 'நன்றாகச் சலிப்பூட்டு' ஆனது. சதவீதம் ஒன்பதுக்கு இறங்கியது. கோகுல்ராஜ் டீ வாங்கித் தரச் சொன்னான்.

[இவனை வில்லனாக்கி ஒரு வரைவு வைத்திருந்தேன். பிறகுதான் அவள் சொன்னது நினைவுக்கு வந்தது, அவன் தன் ஆய்வேட்டையும் அதே வலைத்தளத்தில்தான் போட்டு எடுத்திருந்தான் என்று. தானும் குடித்ததைத்தான் கொடுத்தான். வில்லனாக்க மனம் வரவில்லை.]

3

ஆய்வு எழுத்துக்கென்று வாரம் ஒரு வகுப்பு எடுக்கும் பிரபாவிடம் அந்தத் தாள்களைக் கொண்டுபோனாள். முதல் வரைவில் பிரபாவுக்கு ஐம்பது வயதும் மூக்குக்கண்ணாடியும் கொடுத்து, நாலு பொன்மொழிகளும் பேச வைத்தேன். எல்லாம் பொய். பிரபா ராசிபுரத்துக்காரி, வயது இருபத்தாறு, ஆங்கிலத் துறையில் கௌரவ விரிவுரையாளர். 'மேடம்' என்று கூப்பிட்டால், யாரையோ என்று நினைத்து ஒரு நொடி கழித்துத்தான் திரும்புவாள்.

'சலிப்பூட்டு' வரை படித்துவிட்டு அவள் சிரிப்பை அடக்கப் பார்த்தாள். முடியவில்லை.

"எனக்கு ஜியாலஜி தெரியாதுப்பா. உன்ற பழைய காப்பியவே எடு. ஒவ்வொரு வரியாப் படிச்சு, அது என்ன சொல்லுதுன்னு எனக்குத் தமிழ்ல சொல்லு. பொறவு இங்கிலீஷப் பாக்கலாம்."

தேவிப்ரியா படித்தாள். இரண்டாவது பத்தியிலேயே மாட்டிக்கொண்டாள்.

"இந்த 'ஹவ்எவர்' எதுக்குப் போட்ட?"

"எல்லாப் பேப்பர்லயும் இருக்குதுங்க மேடம். அழகா இருந்துச்சு."

"அது இன்டிகேட்டர். வண்டி திரும்பப்போகுதுன்னு அர்த்தம். நீ இன்டிகேட்டர் போட்டுட்டு நேராவே போயிட்டு இருக்கற."

அன்று அவள் தன் ஆய்வேட்டிலிருந்து பத்தொன்பது ஹவ்எவர்களைக் கழற்றினாள். செவ்வாய்க்கிழமை முழுக்க, படிப்பதும் மூடிவைத்துத் தமிழில் சொல்வதும், பிறகு தனக்குத் தெரிந்த சின்ன ஆங்கிலத்தில் எழுதுவதுமாகப் போனது. மூன்று வருடம் இளங்கலையும் ஒன்றரை வருடம் முதுகலையும் படித்தவள், ஒரு பக்கத்தை உண்மையில் படிப்பது இதுதான் முதல் தடவை என்று என்னிடம் சொன்னாள். சொல்லும்போது ஜன்னல் பக்கம் பார்த்தாள்.

புதன்கிழமை காலை பதினொரு மணிக்குக் கடைசிப் பக்கத்துக்கு வந்தார்கள். முடிவுரை. தேவிப்ரியா வரியைப் படித்துத் தமிழில் சொன்னாள்.

"இப்பகுதியின் தண்ணீர் பொதுவாகக் குடிக்க உகந்தது."

"நல்ல விஷயந்தானே," என்றாள் பிரபா.

தேவிப்ரியா பக்கங்களைப் பின்னால் புரட்டித் தன் அட்டவணைக்குப் போனாள். முப்பத்திரண்டு போர்களில் பதினொன்றில் ஃப்ளூரைடு அளவு மீறியிருந்தது. லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாத எண், பதினேழாம் போரில் நாலு புள்ளி ஒன்று. தன் கையால் எழுதிய எண்.

"இந்த வரி யாருது?"

"ஒரு சீனியர் அண்ணன் மோகனூர்ப் பக்கம் பண்ணுனதுங்க. அதுல இருந்து எடுத்தேன்."

"அங்க தண்ணி நல்லாருந்திருக்கும்."

"ஆமாங்க. அங்க ஆறு."

"சரி, மாத்திட்டாப் போச்சு. அதுக்கெதுக்கு அழுவற?"

"இந்த வரி எங்கூர்ல ஃப்ளெக்ஸ்ல இருக்குதுங்க மேடம்."

4

சுப்பையனை இங்கே அறிமுகப்படுத்தியாக வேண்டும். தேவிப்ரியாவுக்குப் பெரியப்பா முறை. முன்னாள் வார்டு மெம்பர். பதவி முடிந்தது, லெட்டர்பேடு முடியவில்லை. மகள் முறையாகிற பெண் ஊர்த் தண்ணீரை ஆராய்ச்சி செய்கிறாள் என்ற பெருமையில், ஆய்வேட்டின் வரைவை வாங்கி, கடைசிப் பக்கத்தில் தனக்குப் பிடித்த நீளத்தில் ஒரு வரியைத் தேர்ந்து ஃப்ளெக்ஸ் அடித்துவிட்டார். தேவிப்ரியாவுக்கு அத்தை முறையான அங்காளம்மாளின் வீட்டுத் தெருவில், சின்டெக்ஸ் தொட்டியை ஒட்டி அது இரண்டு மாதமாக நிற்கிறது. அவர் படம் பெரிதாக, அவள் படம் சிறிதாக, கீழே மஞ்சள் எழுத்தில் அந்த ஆங்கில வரி. அந்தத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுவது பதினேழாம் போர்.

தண்ணீர் நல்லது என்றுதான் எழுதியிருக்கும் என்று அவரே ஊரெல்லாம் சொல்லிவிட்டார். யாரும் அதைப் படிக்கவில்லை. எழுதியவளும்தான்.

5

அன்று மதியமே பேருந்து ஏறினாள். தொட்டிக் குழாயில் அங்காளம்மாள் குடம் பிடித்துக்கொண்டிருந்தார்.

"வா சாமி. போட்டோவுல உன்ற மூக்கு நல்லா வந்திருக்குது."

"அத்தை, கீழ என்ன எழுதியிருக்குதுன்னு தெரியுங்களா?"

"இங்கிலீசு."

தேவிப்ரியா அதை வாசித்தாள். பிறகு தமிழில் சொன்னாள். அது தப்பு, இந்தத் தண்ணீரில் பல்லைக் கறையாக்கும் ஃப்ளூரைடு அதிகம் என்றும் சொன்னாள். அங்காளம்மாள் குழாயை மூடினார். பக்கத்தில் நின்ற தன் எட்டு வயது மகளின் தாடையைப் பிடித்து, "வாயத் தொற," என்றார். முன்பற்களில் காவி நிறத்தில் கோடு கோடாக இருந்தது.

"பல்லு வெளக்கறதில்லைன்னு இவளத் தெனமும் அடிக்கறேன். நல்ல தண்ணின்னு காலேஜே எழுதிப்போட்டிருக்குதுன்னு மெம்பர் சொன்னாரு. அப்ப இது தண்ணியால வந்ததா?"

"தண்ணியாலதாங்க அத்தை. அளந்ததும் நாந்தான். இத எழுதுனதும் நாந்தான். படிக்காம எழுதிப்போட்டேன்."

அங்காளம்மாள் திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் மகளின் கன்னத்தைத் துடைத்துவிட்டு, குடத்துத் தண்ணீரை அப்படியே கீழே கவிழ்த்தார். [இந்த இடத்தை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். திட்டும் அங்காளம்மாள்தான் எளிதாக வந்தார்.]

மொபெட்டில் சுப்பையன் வந்தார். விஷயத்தைக் கேட்டார்.

"அந்த வரி மேல மட்டும் வெள்ளப் பேப்பர ஒட்டிரலாம் கண்ணு. போட்டோ பாட்டுக்கு இருந்துட்டுப் போவட்டும்."

"பேப்பர ஒட்டுனா தண்ணி மாறாதுங்க பெரியப்பா. இந்தத் தெருவுக்குப் பக்கத்துல நல்ல தண்ணி ஒரே எடத்துலதான் இருக்குது. ஒம்பதாம் நெம்பர் போரு. அரைக்கு மேல போகல."

"யாரு தோட்டம்?"

"உங்க தோட்டம்."

சுப்பையன் ஃப்ளெக்ஸில் இருந்த தன் முகத்தைப் பார்த்தார். அது கும்பிட்டுக்கொண்டிருந்தது.

"அது குச்சிக்கெழங்குக்குப் பாயற தண்ணி," என்றார், தன் மரவள்ளிப் பயிரைச் சொல்லி. பிறகு, அங்காளம்மாளைப் பார்க்காமல், "காத்தால ஆறுல இருந்து ஏழு வரைக்கும் மோட்டார் ஓடும். கொடத்தக் கொண்டுட்டு வாங்க," என்றார். ஃப்ளெக்ஸை அவரும் தேவிப்ரியாவுமாக அவிழ்த்தார்கள். அதைச் சுருட்டி மொபெட்டில் வைக்கும்போது, மாட்டுக் கொட்டாய்க்கு மேலே போட ஆகும் என்றார்.

6

வெள்ளிக்கிழமை மூன்றரை மணிக்கு அவள் கொடுத்த முடிவுரையில், 'முப்பத்திரண்டு போர்களில் பதினொன்றின் தண்ணீர் குடிக்க உகந்தது அல்ல' என்றிருந்தது. சுவாமிநாதன் பென்சிலால், 'உகந்ததல்லாமல் இருக்கக்கூடும் எனத் தோன்றுகிறது' என்று திருத்தினார்.

"இவ்வளவு உறுதியா எழுதக்கூடாதும்மா."

"அளந்திருக்கேனுங்க சார். அட்டவணை அஞ்சு."

அவர் அட்டவணை ஐந்தைத் தேடி எடுத்துப் பார்த்தார். நிறைய நேரம் பார்த்தார். அழிப்பானை எடுத்துத் தன் பென்சில் வரியை அழித்தார். மென்பொருள் நான்கு சதவீதம் என்றது. அதில் பெரும்பாலும் பல்கலைக்கழகத்தின் பெயர்.

7

இனி முடிவு. ஊருக்குச் சுத்திகரிப்பு நிலையம் வந்ததாக ஒரு முடிவு எழுதினேன். தேவிப்ரியா ஆட்சியர் அலுவலகத்துக்குத் தமிழில் மனு போட்டிருக்கிறாள், அட்டவணையோடு. பதில் வரவில்லை. வராததை நான் எப்படி வரவழைப்பது? அந்தப் பக்கத்தைக் கிழித்தேன்.

சுப்பையனின் நல்ல மனதோடு முடிக்கலாம் என்றால், இதை நான் மார்ச்சில் எழுதுகிறேன். அவள் சொன்னவரை மோட்டார் ஆறு மணிக்கு ஓடுகிறது. பதினாலு குடும்பங்கள் வரிசையில் நிற்கின்றன. ஏப்ரலில் போர்த் தண்ணீர் இறங்கும். கிழங்கு வாடும். அப்போது அந்த ஒரு மணி நேரம் யாருக்கு?

இதைப் பேருந்திலேயே அவளிடம் கேட்டிருந்தேன். புதுச்சத்திரம் வந்துவிட்டதால் எழுந்து நின்றிருந்தாள். "தெரியலைங்க. காத்தால நானும் கொடத்த எடுத்துட்டுப் போயி நிக்கறேன். நான் நின்னா அவருக்கு நிறுத்தறதுக்குக் கூச்சமா இருக்கும்," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

நீங்கள் இதை எந்த மாதத்தில் படிக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாது. வெயில் காலமாக இருந்தால், காலை ஆறு மணிக்கு அந்தத் தோட்டத்து மோட்டார் அறையில் சுவிட்சுக்கு முன்னால் சுப்பையன் நின்றுகொண்டிருப்பார். வெளியே குடங்கள். கையை நீட்டுவதா இல்லையா என்பதை அவரும் நீங்களும் முடிவு செய்துகொள்ளுங்கள்.