மண்டி உப்பு

ஃபுர்கானுக்கு இடுப்பு கழன்று விழுகிற மாதிரி வலித்தது. வாரம் முழுக்க வாணியம்பாடி தோல் மண்டியில் பச்சைத் தோலைத் தூக்கிப் போட்ட இடுப்பு. ஞாயிற்றுக்கிழமை அதைப் பாயில் கிடத்தாமல், கூட்டாளி ஹுசைஃபா பேச்சைக் கேட்டு ஜவ்வாது மலை ஏற்றி, நெல்லிவாசல் நாட்டுச் சேற்றுப் பள்ளம் ஒன்றில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தான். பள்ளத்தைத் தாண்டினால் அருவி. தாண்டுவதுதான் பாடு.

சேறா அது? முட்டிவரை கறுப்புக் களி. காட்டுப்பன்றிகள் புரண்டு, மூத்திரம் பெய்து, அதிலேயே மறுபடி புரண்ட களி. கூமுட்டை உடைந்த வாடை. கணுக்காலில் ஏதோ நெளிய, காலுறையை இறக்கிப் பார்த்தான். இரண்டு அட்டைகள் ரத்தம் குடித்துக் கொழுத்து நாவல்பழம் மாதிரி தொங்கின.

"தோபா, தோபா!" காறித் துப்பினான்.

"அதுக்குத்தான் மருந்து கீதே, போடுறா," என்றான் ஹுசைஃபா.

மருந்து என்றால் உப்பு. அட்டைக்கு உப்புப் போட்டால் விழுந்துவிடும் என்று போனில் பார்த்திருந்தார்கள். கடையில் ஒரு பாக்கெட் வாங்கியிருக்கலாம். அழுகாமலிருக்க உப்புத் தடவிய தோலை மண்டியில் உதறும்போது கொட்டுகிற உப்பு சும்மாதானே கிடக்கிறது என்று ஃபுர்கான் ஒரு பை நிறைய அள்ளி வந்திருந்தான். கொழுப்பும் காய்ந்த ரத்தமும் மயிரும் ஒட்டிய பழுப்பு உப்பு. அதிலேயே புழங்கிய மூக்குக்கு அந்த நாற்றம் ஏறவில்லை. இருவரும் காலுறைக்குள்ளும் பேண்ட் மடிப்பிலும் அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டார்கள். பாதி சேற்றில் சிந்தியது.

பள்ளத்தை ஒட்டிச் சாமைக் கொல்லை. கல் அடுக்கிய வேலிக்குப் பின்னால் காவல் இருந்த செல்லி எழுந்து, முந்தானையால் மூக்கைப் பொத்தினாள்.

"இன்னா பாய் அது? செத்தது எதுனா தூக்கினு வந்தீங்களா?"

"உப்புக்கா. அட்டைக்கு."

"உப்பா? பொண நாத்தம் அடிக்குது! இது பன்னிங்க படுக்குற எடம். நாளைக்கு அறுக்கப்போற சாமைய தூங்காம காத்துனு கீறேன், நீங்க அதுங்கள விருந்துக்குக் கூப்புடுறீங்க. அத்த அங்கயே பொதைச்சிட்டு, சத்தமா பேசிக்கினே மேட்டுக்கு வாங்க. ஆளு சத்தம் கேட்டா அதுங்க ஒதுங்கிப் போவும்."

ஹுசைஃபா போனைத் தூக்கிப் பிடித்தான். "சத்தம் போட்டா வீடியோல இன்னாக்கா வரும்? பன்னி வந்தா லைக்கு அள்ளும்."

"பன்னி வந்தா உன் கொடலத்தான் அள்ளும்."

அவள் சொல்லி வாய் மூடவில்லை, கோரைப்புல் அசைந்தது. முதலில் வந்தது கொம்பன், கூட்டத்தின் பெரிய ஆண் பன்றி. உடம்பெல்லாம் களி வழிய, மூக்கில் சளி தொங்க, வாயின் இருபுறமும் மஞ்சள் தந்தம். பின்னால் நாலைந்து பன்றிகள். சிந்திய உப்பைக் கொம்பன் நக்கியது. அடுத்து ஃபுர்கானின் கால் தடத்தை நக்கியது. பிறகு தலையை நிமிர்த்தியது. அவன் கையிலிருந்த பையைப் பார்த்து உறுமியது.

ஹுசைஃபா அதற்குள் வேலிமேல் ஏறிவிட்டான். ஃபுர்கானின் கால் களியில் மாட்டிக்கொண்டது.

"பைய அங்கயே போட்டுட்டு வா பாய்! சேத்துலயே போடு!" செல்லி கத்தினாள்.

அவன் காதில் அது விழுந்தது. கையில் ஏறவில்லை. தோலை வீசி வீசிப் பழகிய கை, தன்னால் முடிந்த தூரத்துக்கு வீசியது. பை செல்லியின் தலைக்கு மேலே போய்க் கொல்லை நடுவில் விழுந்து வெடித்தது.

கொம்பன் திரும்பியது. வேலிக் கல் சரிய, பட்டாளம் மொத்தமும் உள்ளே பாய்ந்தது. செல்லி டின்னைத் தட்டினாள், கல்லை விட்டெறிந்தாள், கெட்ட வார்த்தையில் ஏசினாள். உப்பின் ருசி கண்ட பன்றிகள் காதை ஆட்டக்கூட இல்லை. மண்ணைக் கிளறி, கதிரைச் சாய்த்து, பையையே மென்று தின்றுவிட்டுத்தான் போயின.

கொல்லை, சேற்றுப் பள்ளம் மாதிரியே ஆகிவிட்டது. சாமையும் சாணமும் தோல் மயிரும் ஒரே கூழ். செல்லி ஒரு கதிரை எடுத்து மோந்து பார்த்தாள். வாந்தி வருகிற மாதிரி முகத்தைச் சுளித்து எறிந்தாள்.

"உசுரு பொழச்சமே, அதுவே பெருசுக்கா," என்றான் ஹுசைஃபா.

"ஆமாம்பா, நீங்க பொழச்சிக்கினீங்க. வூட்டப் பாத்து போங்க."

ஃபுர்கான் களியில் சிக்கிய ஒரு ஷூவைத் தேடவில்லை. மலை இறங்குகிற வழியெல்லாம் அவன் நாற்றம் அவன் மூக்கிலேயே ஏறியது.

செல்லிக்கு அவன் ஒரு கொல்லைச் சாமை தர வேண்டும். இன்னும் தரவில்லை.