முதல் நாளே எடுத்த படம்

சகோதரர் சங்கத்துக்காரர்கள் ஏழைப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு வழிகாட்டி வைத்துப் படிக்க உதவுவார்களாம். போட்டோக்காரரை இரண்டு தடவை எதற்குக் கூப்பிடுவது என்று, சேர்ந்த அன்றைக்கே, படிப்பு முடிந்து சான்றிதழ் வாங்குகிற படத்தையும் எடுத்துவிடுவார்கள். என் மகளுக்கு வழிகாட்டியாக வாய்த்த வக்கீல் அதற்கப்புறம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. வாராவாரம் சங்க மண்டப வாசலில் காத்துக் காத்து வெறுத்துப்போய், அவள் சாயப்பட்டறை வேலைக்குப் போனாள். அங்கே கொதிகலன் வெடித்துச் செத்துப்போனாள்.

இன்று சங்கத்தின் ஆண்டு விழா. மண்டபத்தைக் கூட்டிப் பெருக்குகிற நான் ஓரமாக நின்றிருந்தேன். மேடைத் திரையில் அவள் சான்றிதழோடு சிரித்தாள், பக்கத்தில் வக்கீல்.

"இந்தப் பொண்ணை வாராவாரம் உட்கார வெச்சு நான்தான் தேத்திவிட்டேன்," என்றார் வக்கீல் மைக்கில். "இன்னிக்கு ஓகோன்னு இருக்கா."

கைதட்டல் ஓயட்டும் என்று பொறுத்தேன்.

"வாங்க சார், அவளைப் புதைச்ச இடத்தைக் காட்டுறேன்," என்றேன்.