மறைத்த காய்ச்சல்

அந்த வீட்டில் "வலிக்குது" என்று சொன்னால் போச்சு! மருமகள் தையல்காரிக்கு ஏற்கெனவே இரண்டு கரு கலைந்த வயிறு. இது ஆறாம் மாதம். இடுப்பு பிடிக்கிறது என்று அவள் ஒருநாள் வாய்தவறிச் சொல்லிவிட்டாள். மாமியார் அன்றே தையல் மிஷினுக்கு உறை போட்டு, மருமகளைக் கட்டிலில் கிடத்தினாள். இரண்டு மாதம் ஆச்சு. குளியலறைக்குப் போனாலும் கதவுக்கு வெளியே மாமியாரின் இருமல் காவல் நிற்கும். புருஷன் கப்பலில். போனில் "அம்மா சொல்றதைக் கேளு" என்பதோடு அவன் கடமை தீர்ந்தது.

அதனால்தான் நேற்று வலது விலாவுக்குக் கீழே சுருக்கென்று வலித்தபோது அவள் மூச்சு விடவில்லை. உடம்பு கொதித்தது. மாமியார்தான் வேளை தவறாமல் தெர்மாமீட்டரோடு வருவாளே! வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் காய்ச்சல் மாத்திரையை விழுங்கினாள். அசட்டுத்தனம்தான், யார் இல்லையென்றது? ஆனால் கட்டிலை விட்டு இறங்கவே கூடாது என்று இன்னும் ஒரு சட்டம் வந்தால் பைத்தியமே பிடித்துவிடும் என்று அவளுக்குப் பயம்.

இன்று காலை குடலைப் புரட்டிக்கொண்டு வாந்தி. ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள்.

டாக்டரம்மா அமுக்கிப் பார்த்தாள். "குடல்வால் வீக்கமா இருக்கலாம். வயிறு பெருக்கப் பெருக்க அது மேல ஏறிடும், வலியும் மேலதான் தெரியும். ஸ்கேன்ல பிடிபடல. காய்ச்சல் இருந்துதா?"

"கிடையவே கிடையாது!" மாமியார் முந்திக்கொண்டு நோட்டை நீட்டினாள். "நானே பார்த்து எழுதியிருக்கேன்."

"அப்ப சாயங்காலம் வரைக்கும் பொறுத்துப் பார்ப்போம். வெடிச்சா குழந்தைக்கு ஆபத்து. ஆனா சந்தேகத்துல கத்தி வைக்கவும் மனசு வரல."

சொன்னால் அந்தக் கட்டில் இனி ஜெயில்தான். சொல்லாவிட்டால் பிள்ளை. ஒரு நிமிஷம், வெட்கக்கேடு, முழுசாக ஒரு நிமிஷம் அவள் வாயை மூடிக்கொண்டு கிடந்தாள்.

"டாக்டர், காய்ச்சல் இருந்துது. மாத்திரை போட்டு மறைச்சேன். நேத்துலேர்ந்து நாலு."

"அடிப்பாவி! என் பேரப்புள்ளைய..." மாமியார் நோட்டைப் பிரித்துத் தான் எழுதியதையே பார்த்தாள்.

"தியேட்டரை ரெடி பண்ணுங்க," என்றாள் டாக்டரம்மா. "இனி காத்திருக்க முடியாது."

ஆபரேஷன் முடிந்து அவள் கண் விழித்தபோது, குழந்தையின் துடிப்பைக் கேட்கும் கருவியை நர்ஸ் அவள் வயிற்றில் வைத்துத் தேடிக்கொண்டிருந்தாள். வெறும் இரைச்சல். கருவி இடப்பக்கம் நகர்ந்தது. அங்கேயும் இரைச்சல். தையல்காரி உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கிடந்தாள். அப்புறம், அப்பாடா, படபடவென்று இதயத்துடிப்பு கேட்டது.

"வெடிக்கிற நிலையில இருந்துது. நல்லவேளை சொன்னே," என்றாள் டாக்டரம்மா. "நாளைக்கே எழுந்து நடக்கணும்."

மாமியார் பதறிவிட்டாள். "நடக்கிறதா? கரு தங்கணும்னு ரெண்டு மாசமாப் படுக்க வச்சிருக்கேனே!"

"யார் சொன்னா? படுத்தே கிடந்தா கரு தங்கும்னு ஒண்ணும் கிடையாதும்மா. கால்ல ரத்தம்தான் கட்டும்."

மாமியார் ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"அப்ப என் மகன் வயித்துல இருந்தப்ப," என்றாள், யாரையும் பார்க்காமல், "என் மாமியார் என்னை எதுக்கு எட்டு மாசம் எழுந்திரிக்கவே விடல?"