படிகத்துக்குக் காவல்

ஷிஃப் காரம் என்பது ஒரு கல்யாணம். ஓர் அமீனும் ஓர் ஆல்டிஹைடும் சேரும். சேரும்போது கொஞ்சம் தண்ணீர் வெளியேறும். எங்கள் பக்கத்துக் கல்யாணங்களிலும் அப்படியே என்பதால், அந்த இரசாயனப் பாடம் எனக்குச் சுலபமாக ஏறியது.

ஏறாதது பேராசிரியரின் நிபந்தனை. மூலக்கூறின் அமைப்பை எக்ஸ்ரேயில் படம் பிடிக்க, பழுதில்லாத ஒற்றைப் படிகம் ஒன்று வேண்டும். விடுமுறை முடிந்து அதோடு வந்தால் என்னை ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள்வார். வராவிட்டால், தோட்டத்து ஆபீசில் ஒரு கிளாக்கர் நாற்காலி எனக்காகக் காத்திருந்தது. அதற்கு மூன்று கால்கள்.

கல்லூரிச் சூட்டில் கரைசலின் ஸ்பிரிட் சட்டென்று ஆவியாகி, படிகம் பொடியாகவே பிறந்தது. எங்கள் மலையூர் அக்கரப்பத்தனைக் குளிரில் நிதானமாக வளரட்டும் என்று மஞ்சள் கரைசலை லயத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அம்மா குவளையை மோந்து பார்த்தாள்.

"பக்கத்து வீட்டுல கேட்டா என்னான்னு சொல்றது?"

"மருந்துன்னு சொல்லுங்கம்மா."

"அவங்களும் அப்படிச் சொல்லிக்கிட்டுத்தான் குடிக்கிறாங்க."

இடையில் வட்டவளையில் இருக்கும் அக்காவைப் பார்க்கப் போக வேண்டியிருந்தது. "அடுப்புப் பக்கம் மட்டும் கொண்டு போயிராதீங்கப்பா" என்றேன்.

"எங்கிட்ட உட்டுட்டுப் போடா" என்றார் அப்பா.

அப்பா ஆண்டியப்பனுக்கு தேயிலை ஃபெக்டரியில் கொழுந்து வாட்டுகிற மாடியில் வேலை. அங்கே கொழுந்து குவிந்து கிடந்தால் சூடேறிச் சிவந்துவிடும். விரலால் உதறிவிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். நான் திரும்பி வந்தபோது அவர் முகத்தில் அந்த வேலைத் திருப்தி இருந்தது.

"பாத்தியா, கட்டியே தட்டல. வேலைக்குப் போறப்பவும் வர்றப்பவும் குச்சியால நல்லாக் கிளறி உட்டேன்."

குவளையின் அடியில் கடலைமாவு மாதிரி மஞ்சள் பொடி.

"கிளறக் கூடாதுப்பா. சும்மா விடணும். அப்பத்தான் உள்ள இருக்கிறதெல்லாம் வரிசையா வந்து நிக்கும்."

"கெட்டுப் போச்சா?"

"இல்ல. சுடுதண்ணியில வச்சாத் திரும்பக் கரைஞ்சிரும்."

கரைத்தேன். இந்த முறை அப்பாவே காவலுக்கு உட்கார்ந்தார். அதிர்வு ஆகாதென்று அம்மாவின் உரல் லயத்தின் அடுத்த கோடிக்கு நாடு கடத்தப்பட்டது. குவளையருகே அவர் கைகளைக் கக்கத்தில் இறுக்கி வைத்திருந்தார். விரல்கள் தாமாக அசைந்துவிடுமோ என்ற பயம். சும்மா இருக்கச் சொல்லி அவரை யாரும் இதுவரை வேலைக்கு வைத்ததில்லை.

"கொழுந்து வேலையே தேவலடா" என்றார்.

விடுமுறை முடியும் தறுவாயில் அது வளர்ந்திருந்தது. அரிசியளவு, சீவிவிட்டதுபோல் பக்கங்கள். அப்பா ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இதுக்குள்ளயா வரிசையா நிக்குதுக?"

"ஆமாப்பா. கோடிக்கணக்குல. காலைல வேலை பிரிக்கிற பெரட்டுக்கு ஆளுக நிக்கிற மாதிரி."

"யாரு நிக்க வைக்கிறது? கங்காணி யாரு?"

"கங்காணியெல்லாம் கிடையாது. தொந்தரவு பண்ணாம விட்டா அதுகளாவே நின்னுக்கும்."

அப்பா அதை இன்னொரு முறை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். பிறகு படிகத்தைப் பஞ்சில் பொதிந்து, நெருப்புப் பெட்டிக்குள் வைத்து, என் கையில் கொடுத்தார்.

"இதத் தோட்டத்துத் தொரைகிட்ட மட்டும் காட்டிராத."

பேராசிரியரிடம் மட்டுமே காட்டினேன். அந்த நாற்காலிக்கு நாலாவது கால் போட்டார்களா என்று போய்ப் பார்க்க எனக்கு அவகாசம் கிடைக்கவில்லை.