கார்டு உன்கிட்டதான் இருக்கு

எங்க வீட்டுக்காரர் டெய்லர். ஊரே அவர் தைச்ச சட்டையைப் போட்டுட்டுத் திரியுது. ஆனா வெச்ச பொருள் வெச்ச இடம் மட்டும் அவருக்கு ஞாபகம் இருக்காது. டேப்பைக் கழுத்துல தொங்கவிட்டுக்கிட்டே டேப்பைத் தேடுற ஆளு!

மூணு மாசமா அவர் வலது கையில ரெண்டு விரல் மரத்துப்போச்சு. ஊசி நழுவுது, பட்டன் ஓட்டைக்குப் போடுற காஜா கோணலா போகுது. கழுத்துல நரம்பு நசுங்குதோன்னு டாக்டருக்குச் சந்தேகம். எம்ஆர்ஐ ஸ்கேன் பார்த்தாதான் தெரியும், தள்ளிப்போட்டா கை பழையபடி வராமலே போகலாம்னாரு. அன்னையிலேருந்து எனக்குச் சாப்பாடு இறங்கல.

ஸ்கேன் ரூம் வாசல்ல ஒரு டெக்னீஷியன் பொண்ணு. சிரிச்ச முகம், ஆனா படு கறார்.

"ஐயா நெஞ்சுல பேஸ்மேக்கர் இருக்கே, அதோட கார்டு எங்கம்மா? உள்ள இருக்கிறது பெரிய காந்தம். பேஸ்மேக்கரும் அதோட வயரும் எந்த மாடல்னு தெரியணும். சிலது தாங்கும், சிலது தாங்காது. தெரியாம நான் உள்ள விடமாட்டேன்."

பேஸ்மேக்கர் வெச்சது ஏழு வருஷம் முன்னாடி, வேற ஊர்ல. அங்க எழுதிக் கேட்டு வாங்க ரெண்டு வாரம் ஆகுமாம். ரெண்டு வாரமா!

அவர் சாவகாசமா, "கார்டு உன்கிட்டதான் இருக்கு"ன்னாரு.

வந்ததே எனக்குக் கோபம்! "தொலைச்சது நீங்க, பழி என் தலையிலயா?" பையை அப்படியே நாற்காலியில கவுத்தேன். சீப்பு, ரெண்டு பாபின், மாத்திரை அட்டை, காணாமப்போன என் கம்மல்கூட வந்துச்சு. கார்டு வரல.

"போதுமா? நீங்களே பாருங்க!" வெறும் பையை அவர் மடியில வீசினேன்.

பேஸ்மேக்கர் வெச்ச கையோட அவரே எனக்குத் தைச்சுக் கொடுத்த பை அது. இடது கையால லைனிங் துணியைத் தடவிக்கிட்டே போனவர் ஒரு மூலையில நின்னாரு. முகம் மலர்ந்துபோச்சு. "இந்தா, இங்க கெட்டியா இருக்கு. பிரி."

ரிசப்ஷன்ல கத்தரி வாங்கிப் பிரிச்சேன். உள்ள கார்டு, மடங்காம கசங்காம!

"ஏங்க, என் பையில எதுக்குங்க தைச்சீங்க?"

"நான் வெச்சா தொலைச்சிருவேன். எனக்கு ஆஸ்பத்திரின்னா நீ கூட வராம இருப்பியா?"

ஏழு வருஷம் தோள்ல சுமந்துக்கிட்டே அவரைத் திட்டியிருக்கேன் பாருங்க. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்துச்சு.

கார்டைப் பார்த்து இதய டாக்டர்கிட்ட பேசிட்டு, "பேஸ்மேக்கர், வயர் ரெண்டுமே தாங்கும்மா"ன்னா அந்தப் பொண்ணு. ஒருத்தர் வந்து பேஸ்மேக்கரை ஸ்கேனுக்கு ஏத்தபடி மாத்தி வெச்சாரு. முடியுற வரைக்கும் ஒரு டாக்டர் மானிட்டரை விட்டுக் கண்ணை எடுக்கல. அப்புறம் பழையபடி மாத்திவிட்டாங்க. வெளிய வந்தவர், "இந்தச் சத்தத்துக்கு நம்ம பழைய தையல் மிஷினே தேவல"ன்னாரு.

ஸ்கேன்ல நரம்பு நசுங்கினது தெரிஞ்சு கழுத்துல ஆபரேஷன் பண்ணாங்க. அது முடிஞ்சு ஆறாவது வாரம், பிரிச்ச பையைத் தைக்கக் கேட்டாரு.

"உள்ள ஒளிச்சது போதும். வெளியில பாக்கெட்டா தைங்க"ன்னேன்.

ஊசி பிடிச்சாரு. முதல் நாலு தையல் கோணல். அஞ்சாவதுலேருந்து நூல் பிடிச்ச மாதிரி நேரா போச்சு. நான் மூச்சுகூட விடாம பார்த்துக்கிட்டிருந்தேன்.

"அந்த நாலையும் பிரிச்சுட்டு நல்லா போடட்டுமா?"

"தொட்டீங்க, கையை உடைச்சிருவேன்"னேன்.