இடது இறக்கையில் இரண்டு ஸ்குரூ

தீயணைக்கும் சிலிண்டரைப் பிடித்துக்கொண்டு மெக்கானிக் பத்திநாதன் விமானத்தின் முன்னால் நின்றான். இரண்டு புரொப்பெல்லர்களும் சுழல ஆரம்பித்தன. ஷார்ஜாவுக்கு வெளியே கடலோரமாக இருந்த அந்தச் சின்ன விமானத் தளத்திலிருந்து எட்டுப் பேர் எண்ணெய்த் தீவுக்கு டியூட்டிக்குக் கிளம்புகிறார்கள். ஓட்டுபவர் காயல்பட்டினத்துக் கேப்டன் கலீலுர் ரஹ்மான். "பத்தி கை வச்சா நான் திரும்பிக்கூடப் பாக்க மாட்டேன்" என்று பார்க்கிறவரிடமெல்லாம் சொல்லித் திரிகிற மனுஷன்.

அந்தக் கைதான் காலையில் ஒரு காரியம் பண்ணியிருந்தது. இடது இறக்கையின் மேல், புரொப்பெல்லருக்குப் பின்னால், இன்ஜினுக்கு வெளிப்பக்கமாக ஒரு மூடி. அதற்கு எட்டு ஸ்குரூ. முன்விளிம்பிலிருந்த இரண்டில் மரை தேய்ந்துவிட்டது. ஜெபல் அலி குடோனிலிருந்து புதுசு வர நான்கு நாளாகும். ஆறை முடுக்கி, மிச்ச இரண்டு ஓட்டையின் மேல் அலுமினிய டேப்பை ஒட்டி, பதிவேட்டில் 'எட்டு' என்று எழுதிவிட்டான். வலது இறக்கையில் இதே மாதிரி மூடிக்கும் இதே வேலையைப் பண்ணி ஒரு மாதமாகிறது. டேப் அசையவில்லை. அந்தத் தைரியம்.

இறக்கைகளைக் கழுவிய ஈரம் காயவில்லை. புரொப்பெல்லர் காற்று வலது மூடியின் மேலிருந்த தண்ணீரை அழுத்தித் தேய்த்துக்கொண்டு போனது. இடது மூடியிலோ துளிகள் துள்ளி மேலே பறந்தன.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. இரண்டு புரொப்பெல்லரும் ஒரே பக்கமாகத்தானே சுற்றுகின்றன! வலது மூடிக்கு முன்னால் புரொப்பெல்லரின் இறகு கீழே இறங்குகிறது. காற்று டேப்பை அழுத்திப் பிடிக்கிறது. இடது மூடிக்கு முன்னால் இறகு மேலே ஏறுகிறது. காற்று டேப்பைப் பிய்த்துவிடும். பிறகு அந்த ஓரத்தில் காற்று புகுந்து மூடி கிளம்பும். கடலுக்கு மேல் அந்த இறக்கை சாயும். எட்டுப் பேர், கேப்டனோடு ஒன்பது.

சொன்னால் வேலை போகும். பொய் எழுதியவனை வளைகுடாவில் எந்தத் தளத்திலும் சேர்க்க மாட்டார்கள். மனைவி அருள்செல்வி விசா கிடைத்து அடுத்த வாரம்தான் வருகிறாள்.

புறப்படச் சொல்லிச் சைகை காட்ட சூப்பர்வைசர் விபின் கையைத் தூக்கினார். பத்திநாதன் சிலிண்டரைப் போட்டுவிட்டு அவருக்கு முன்னால் பாய்ந்தான். கேப்டனை நிறுத்தச் சொல்லித் தலைக்கு மேல் இரண்டு கைகளையும் குறுக்கே வைத்தான்.

"லேய், கிறுக்கு புடிச்சிட்டா ஒனக்கு?" என்று விபின் கத்தினார்.

புரொப்பெல்லர்கள் நின்றன. கலீலுர் இறங்கி வந்தார். பத்திநாதன் இடது இறக்கையில் ஏறி டேப்பைத் தொட்டான். பாதி ஏற்கெனவே கிளம்பியிருந்தது. தொட்டதும் மிச்சமும் கையோடு வந்தது.

"எட்டுன்னு எழுதுனேன் கேப்டன். ஆறுதான் போட்டேன்."

கலீலுர் டேப்பை வாங்கிப் பார்த்தார்.   மெதுவாகத் திரும்பி வலது இறக்கையைப் பார்த்தார்.

"அங்கயுமா?"

"ஒரு மாசமா, கேப்டன்."

"போன வெள்ளிக்கிழமை எம்மவ உம்மு ஹானிய இதுலதான் கூட்டிட்டுப் போனேன்" என்றார் கலீலுர். "நீதானப்பா அவளத் தூக்கி உக்கார வச்சே."